நான்கு அங்குலப் புல்

மெத்தை வேண்டாம் டுவைன், இந்த மர நாற்காலியே போதும். இடுப்பில் இரும்பு வைத்ததிலிருந்து மெத்தென்று எதில் உட்கார்ந்தாலும் எழுந்திருக்க ஆள் தேவைப்படுகிறது. நீ எழுதிக்கொள், நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் வெர்ல் ஹாட்லாக், வயது எழுபத்தொன்று. நெவாடாவின் இந்தப் பள்ளத்தாக்கில் எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாக மாடு வளர்க்கிறது. நிலம் அரசாங்கத்துடையது, மேய்க்கிற உரிமை எங்களுடையது. என் தாத்தா காலத்தில் அரசாங்கம் என்றால் வருஷத்துக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான். எனக்கு வாய்த்த அரசாங்கம் ஜானெல் ஆஸ்குட். முப்பத்துநாலு வயது, வெயிலில் தோலுரிந்த மூக்கு, கையில் ஒரு ஸ்கேல். ஓடைக்கரைப் புல் நான்கு அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஓடையில் விரல் நீளத்தில் ஏதோ மீன் இருக்கிறதாம். கரையில் புல் இல்லாவிட்டால் தண்ணீர் சூடேறி அது செத்துவிடுமாம். அந்த மீனை என் ஆயுளில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் அவள் அளந்து இரண்டு அங்குலம் என்று எழுதினாள். இந்த மார்ச்சில் நோட்டீஸ் வந்தது. செப்டம்பருக்குள் மாடுகளை வெளியேற்ற வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒரு கன்றுகூட உள்ளே கால் வைக்கக் கூடாது. நானூறு மாட்டை மூன்று வருஷம் எங்கே வைப்பது, என் தலையிலா?

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். பள்ளத்தாக்கே எங்கள் கேட்டில் வந்து நின்றது. நீயும் வந்தாய், போலீஸ் சீருடை போடாமல். அவளைப் பார்த்து யாரோ கத்தினான்: "ஏம்மா, புல்லை அளக்கத்தான் காலேஜ்ல படிச்சியா? அந்த ஸ்கேலை மாட்டுக்கிட்டயே குடுத்துடு, அதுவே அளந்து தின்னுக்கும்."

"மாடு வந்து கேட்டா குடுக்கிறேன் சார்" என்றாள். சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை.

அவளோடு வந்த அதிகாரி, எங்களுக்கு மேய்க்கத் தெரியவில்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னான். என் மகன் ராய்ஸ் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "எங்கப்பாவுக்கு மாடு மேய்க்கச் சொல்லித்தர நீ யாருடா? அவர் மாதிரி ஒரு ஆளை இந்த ஜில்லாவுல காட்டுடா பாப்போம்" என்றவன், அவன் தாடையைப் பெயர்த்துவிட்டான். நாலு மாதம் உள்ளே இருந்து ஜூலையில்தான் வந்தான். அவன் பள்ளிக்கூடத் தோழன் நீ, அந்த நாலு மாதமும் ஜெயிலில் அவனுக்குச் சாப்பாடு கொடுத்தவனும் நீதான். அதை நான் மறக்கவில்லை.

இனி சொல்லப்போவது அவனுக்குத் தெரியாது.

மாட்டை ஓடையை விட்டு விலக்கி வைக்க வேலி தேவையில்லை, உப்பு போதும். தண்ணீருக்குத் தொலைவாக, மேட்டின் உச்சியில் உப்புக் கட்டியை வைத்தால் மாடு அங்கேயே நக்கிக்கொண்டு அங்கேயே மேயும். குடிக்க மட்டும்தான் இறங்கும். எங்கள் வீட்டில் உப்பு வைப்பது குடும்பத் தலைவரின் வேலை. யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை, அவராக மனம் வந்து கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. மேட்டுக்குக் குதிரைப் பாதைதான் உண்டு. இடுப்புக்குப் பிறகு என்னால் குதிரை ஏற முடியவில்லை. அதனால் இரண்டு கோடையாக வண்டி போகிற தூரம் போய், ஓடையின் வளைவில் மரங்களுக்குப் பின்னால் கட்டிகளை இறக்கிவிட்டு வந்தேன். மாடுகள் அங்கேயே கிடந்தன. புல் மண்ணோடு போயிற்று. மழை பொய்த்தது என்று வீட்டில் சொன்னேன். மழையும் பொய்த்துத்தான் இருந்தது.

ஆகஸ்டில் அவள் கடைசி அளவெடுக்கத் தனியாக வந்தாள். ராய்ஸ் வைக்கோல் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். நான் கூடப் போனேன். எப்போதும் குறிக்கம்பு நட்ட இடத்தில்தான் அளப்பாள். அன்று நிழல் தேடி வளைவைத் தாண்டிப் போனாள். மூன்று கட்டிகள் இருந்தன, பாதிக்கு மேல் கரைந்து. கழுத்தில் தொங்கிய கேமராவில் ஒரு படம் எடுத்தாள்.

"எத்தனை நாளா சார் இங்க வைக்கிறீங்க?"

"இடுப்பு சரியில்லம்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவள் கெட்டவள் இல்லை டுவைன், அதை நான் எங்கேயும் சொல்லத் தயார். "அப்போ மூணு வருஷம் தேவையே இல்லையே சார். உப்பை மேல கொண்டுபோனா போதும், அடுத்த வருஷமே மாட்டை விடலாம். நானே எழுதித் தர்றேன்."

"காரணத்தையும் எழுதணுமா?"

"எழுதாம எப்படி சார்? கவலைப்படாதீங்க, உங்க பையன்கிட்ட நானே பக்குவமா சொல்றேன். பாவம், என் மேல எவ்வளவு கோவமா இருந்தாரு."

சொல்லிவிட்டு மண்டியிட்டுப் புல்லை அளக்க ஆரம்பித்தாள். வேலிக் கம்பம் அடிக்கிற சம்மட்டி வண்டியில் இருந்தது. அவள் அளந்து முடித்து எழுதுகிறவரை காத்திருந்தேன். வேலை செய்துகொண்டிருப்பவர்களைத் தொந்தரவு செய்வது எங்கள் வழக்கமில்லை. ஒரே அடி.

பிறகு கட்டிகளைச் சாக்கில் போட்டுத் தோளில் வைத்து மேட்டுக்கு ஏற்றினேன், நடந்தே. மூன்று நடை. இடுப்பு வலிக்கவே இல்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதல் நடை கிளம்பும்போது அவளுக்கு மூச்சு இருந்தது. மூன்றாவது முடிந்து இறங்கியபோது இல்லை. அப்புறம் எங்கே கொண்டுபோய்ப் போட்டேன் என்பது உனக்குத் தெரியும், தேடி வந்து அங்கிருந்து அவளைத் தூக்கியவன் நீதானே.

குடும்பத்துக்காகச் செய்தேன். மாடுகளை அடுத்த வாரம் ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு நான் பொறுப்பில்லை, அது அவர்கள் சட்டம்.

கட்டிகள் ஓடையோரத்தில் கிடக்கிற படம் அவள் கேமராவில் இருக்கிறது என்று நீ காட்டினாய். அது உன்னிடம் மட்டும்தானே இருக்கிறது? நாளை ராய்ஸ் வருவான். அவளைக் கொன்றது நான்தான் என்று அவனிடம் சொல்லிவிடு, அதை அவன் தாங்கிக்கொள்வான். உப்பு விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதே தம்பி.