அவள் கேட்ட ஒரு மணி நேரம்

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம். அவளுக்குத்தான் இரண்டு கரண்டி போட வேண்டும். இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தால் இதெல்லாம் தெரிந்துவிடும்.

நாங்கள் ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். யாராவது உதவிக்கு அழைத்தால், அருகில் நிற்கும் வண்டியின் திரைக்கு விலாசம் போக வேண்டும். போகவில்லையென்றால் எங்கள் போன் அலறும். அந்தப் போனை ஆளுக்கொரு வாரம் வைத்துக்கொள்வோம்.

அவள் மேல்படிப்புக்கு விண்ணப்பித்திருப்பதை மேனேஜர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். செருப்பு அறுந்தால்கூட முதலில் என்னிடம் சொல்கிறவள், இதை மட்டும் மூடி மறைத்திருக்கிறாள். கேட்டேவிட்டேன்.

"இன்னும் முடிவே பண்ணலடி. வேலையா படிப்பான்னு மண்டை காயுது. உன்கிட்ட சொன்னா போகாதேன்னு அழுவ, நானும் இருந்துடுவேன். அதான் சொல்லல."

"நான் ஏன்டி அழப்போறேன்? போய் நல்லாப் படி," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

நேர்முகத் தேர்வு அவளுடைய வாரத்தில் வந்தது. மதியம், வீடியோவில். "ஒரு மணி நேரம் மட்டும் போனை நீ பாத்துக்கடி. அந்தப் பேராசிரியர் ரொம்பக் கறாரான ஆளாம்," என்று என் கையில் கொடுத்துவிட்டு மீட்டிங் அறைக்குள் போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் முடியைச் சரிசெய்வது தெரிந்தது.

விலாசம் அனுப்பும் சர்வரை நிறுத்தினேன். அவள் திறந்தபடி விட்டுப்போன கணினியிலிருந்துதான் நிறுத்தினேன். போன் அலறியதும் கதவைத் தட்டினேன். "எனக்கு ஒண்ணும் பிடிபடலடி. நீ வந்தாதான் ஆச்சு." பாதிப் பேச்சில் எழுந்து ஓடிவந்தாள்.

அதை மறுபடி இயக்க ஒரே ஒரு கட்டளை போதும். எனக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை. தோளோடு தோள் உரச உட்கார்ந்து அவள் தேடிக்கொண்டிருந்தாள். பழையபடி இருந்தோம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு வீட்டில், நெஞ்சுவலியில் விழுந்த அப்பாவுக்காக மகள் வாசலில் நின்று திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறாள். வண்டி பக்கத்துத் தெருவில்தான் நின்றதாம். அவர் பிழைக்கவில்லை.

"அவசரத்துல நானே எதையோ தட்டிட்டுப் போயிருக்கேன்டி. படிப்பு படிப்புன்னு அலைஞ்சு ஒரு உயிரையே வாங்கிட்டேன்," என்று என் மடியில் விழுந்து அழுதாள். பேராசிரியர் வேறு தேதி கொடுத்தும் போகவில்லை. நான் தலையைத் தடவிக்கொடுத்தேன். உன் தப்பு எதுவும் இல்லை என்றுகூடச் சொன்னேன். அது பொய்யில்லையே.

போன வாரம் வேலையையும் விட்டுவிட்டாள். மேஜையைக் காலி செய்தது எனக்குத் தெரியாது. போனை எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால், "அவ யாரையும் பாக்கறதில்லம்மா," என்று அவள் அம்மா கதவைச் சாத்துகிறார். இந்தத் தடவையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்?

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். நிறுத்தியது நான், அவள் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இதை இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்கவாவது வருவாள். இங்கே பார்க்க வருகிறவர்களை எத்தனை மணிவரை உள்ளே விடுவீர்கள்?