தம்பி என்னிடமே இருந்தான்

சட்டை தேய்க்கும்போது காலரில்தான் தொடங்க வேண்டும். கை, முதுகெல்லாம் அப்புறம். இருபது வருஷமாகச் சலவைக்கடை நடத்துகிறேன். ஒரு துணியைக்கூடத் தீய்த்ததில்லை. என் நிதானத்தைப் பற்றித் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள் ஐயா.

தம்பி வேலை பார்த்த ஆலையில் கொதிகலன் வெடித்து, அவன் முகத்தின் இடப்பக்கம் மெழுகு உருகினாற்போல் ஆகிவிட்டது. மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தேன். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? சோறு ஊட்டினேன், மருந்து தடவினேன். "உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டான். என் வயிறு குளிர்ந்துபோயிற்று. என்னிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஊரும் அப்படியொன்றும் கல்நெஞ்சு இல்லை. முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டது. கடிகாரம் பழுது பார்க்கிறவர் அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். "முள்ளு மாட்ட மூஞ்சி எதுக்குப்பா, விரல் போதும்" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தான். மதியச் சாப்பாடு அங்கேயே என்றாயிற்று. நான் எடுத்து வைத்த சோறு ஆறிக் கிடந்தது.

"கடிகாரக் கடைக்கு மேல ஒரு ரூம் இருக்குக்கா. அங்க தங்கிக்கட்டுமா? உனக்கும் பாரம் குறையும்."

"தாராளமா" என்றேன்.

மறுநாள் துணி வாங்க வந்த டீச்சரிடம் சொன்னேன்: "தம்பி போக்கே சரியில்ல டீச்சர். சின்னப் பிள்ளைங்களையே வெறிச்சு வெறிச்சுப் பாக்குறான். எனக்கே பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். திறப்பதற்கு இவ்வளவு போதும்.

ஒரே வாரத்தில் கடிகாரக்காரர் தரையைப் பார்த்தபடி, இனி வர வேண்டாம் என்றார். அவன் தெருவில் இறங்கினால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். எங்கள் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. கண்ணாடித் துண்டுகளை நான்தான் பொறுக்கினேன்.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"ஊரே அப்படித்தான்டா. நான் இருக்கேன்ல."

அதன்பின் எட்டு மாதம் அவன் பின்கட்டு அறையை விட்டு வெளியே வரவில்லை. நல்ல மாதங்கள் அவை. மூன்று வேளையும் என் கையால் சாப்பிட்டான்.

எனக்குத் தெரியாமல் தபால்காரரிடம் கொடுத்து வெளியூர் அச்சகம் ஒன்றுக்குக் கடிதம் போட்டிருக்கிறான். வேலை கிடைத்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை காலை பெட்டியோடு வந்து நின்றான். அந்த நேரம் பார்த்துக் குழாய் ரிப்பேர்காரரின் நாலு வயதுப் பெண் வழி தெரியாமல் அழுதுகொண்டு கடை வாசலுக்கு வந்தது.

"போற வழிதானே, அவங்க வீட்ல விட்டுட்டுப் போ."

"நானா? வேணாம்கா. யாராவது பாத்தா..."

"நான் சொல்றேன்ல. தூக்கிக்கோ."

குழந்தை பயப்படவில்லை. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. யார் கண்ணிலும் படாமலிருக்கப் பின்சந்து வழியாகப் போனான். சற்று நேரத்தில் தாய்க்காரி பதறிக்கொண்டு வந்தாள்.

"தம்பிதான் தூக்கிட்டுப் போறான். கையில பெட்டியும் வெச்சிருக்கான்" என்றேன்.

இரண்டும் உண்மைதானே ஐயா. நாலு தட்டுத் தட்டித் திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். போகாமல் இருந்துவிடுவான் என்று.

சத்தம் கேட்டுச் சந்துமுனைக்குப் போனேன். கட்டை, கம்பி, கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். கால்களுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, நீ சொல்லுக்கா."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அடித்தவர்களில் ஒருவரையும் விடாதீர்கள் ஐயா. மனுஷர்களா அவர்கள்?

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிர் இருந்தது. அவன் பக்கத்தை விட்டு நான் நகரவே இல்லை. நான் கையைப் பிடித்தபோதெல்லாம் உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பாவம், வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும்.