கண்ணு வெக்காத யாளி

இல்ல சார், ரெண்டு கம்ப்யூட்டர் இல்ல, ஒண்ணுதான். ஒண்ணுக்குள்ள ஒண்ணு. உங்களுக்குத் தெரியாததா, என் வாயால வரணும்னு கேக்குறீங்க. கேளுங்க, அதுக்குத்தான மெட்ராஸ்லேர்ந்து உங்கள வர வெச்சிருக்காரு மொதலாளி.

பொடவ டிசைன் போடற சாப்ட்வேரு பதினஞ்சி வருசத்துப் பழசு. புது மிஷின்ல ஓட மாட்டேன்னுடுச்சி. அதனால புதுசுக்குள்ளயே பழைய மிஷின் ஒண்ண உண்டாக்கி வெச்சாங்க. விர்ச்சுவல் மிஷினாம். உள்ள இருக்கறதுக்கு தான் குடித்தனம்னே தெரியாது, வீட்டுக்காரன்னு நெனச்சிக்கினு இருக்கும். எங்க மொதலாளி மச்சான் மாதிரி. சிரிக்காதீங்க, வெளியதான் குந்திக்கினு இருக்காரு.

நான் மாணிக்கவேலு. அகிலா போடற டிசைன தறிக்கு ஓட்ட அட்டையா குத்திக் குடுக்கறவன். ராத்திரி ஸ்கூல்ல படிச்சதுதான், கம்ப்யூட்டரும் அங்கதான். அதோ கண்ணாடிக்கு அந்தாண்ட, பைய மடியில வெச்சிக்கினு இருக்குதே, அதான் அகிலா. திருப்பருத்திக்குன்றத்துப் பொண்ணு. தை முகூர்த்தத்துக்குன்னு யாளி பார்டர் ஒண்ண மூணு மாசமா போட்டுச்சி. எங்க தறியில மொதப் பொடவ நெய்ஞ்சி அறுக்கறதுக்குள்ள இன்னொரு கடை ஜன்னல்ல அதே யாளி தொங்குது. பன்னெண்டு மணிக்கு உங்க ரிப்போர்ட்டு. அகிலா பேரு இருந்திச்சின்னா சீட்டு கிழிஞ்சிடும், போலீஸ் வேற.

அது மேல சந்தேகமான்னா? எனக்கு எல்லார் மேலயும் சந்தேகம் சார். மச்சான் மேல, டீக்காரன் மேல. காலையிலேர்ந்து உங்க மேல கூட. கோச்சிக்காதீங்க, ரெண்டு மணி நேரமா மவுஸத் தட்டிக்கினே இருக்கீங்க, என்னா கண்டீங்கன்னு சொல்ல மாட்டேங்கறீங்களே.

உள்ளேர்ந்து வெளிய தானா எதுவும் வராதுன்றீங்க. ஷேர்டு போல்டர்னு நடுவுல ஒரு கதவு, அத யாராச்சும் தெறந்தாதான். சரி. தெறந்த தேதி காட்டுதா? போன மாசம் பதினேழு, வெள்ளிக்கிழம. ம். நேரம்? பகல் பதினொண்ணு இருவது. ரொம்ப விவரமான மிஷினுதான். யாரு கைன்னு?

அகிலாவா?

அது சும்மா பேரு சார். எங்க எல்லாருக்கும் அந்த ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு. போட்டுக் குடுத்தவன் அப்டி வெச்சிட்டுப் போயிட்டான். நானும் காலையில வந்து அகிலாவாதான் உள்ள போறேன். மீச வெச்ச அகிலா. இத எழுதுவீங்களா? மாட்டீங்க. மிஷினு காட்டறத மட்டுந்தான். நெனச்சேன்.

அந்தக் கடைப் பொடவ போட்டோவப் பெருசாக்குங்க. யாளிக்குக் கண்ணு இருக்குதா? இல்லியா. எங்க கடையில ஒரு பழக்கம். புது டிசைனக் கண்ணு வெக்காம ஒரு பிரிண்ட் எடுத்து, காமாட்சியம்மன் கால்ல வெச்சி எடுத்தாந்து, அப்புறம்தான் கண்ணு வெப்போம். வெள்ளிக்கிழம பகல்ல பூச, சாயங்காலமே அகிலா கண்ணு வெச்சிடுச்சி. அப்போ வெளிய போனது பூசைக்குன்னு எடுத்தது. அந்தக் கடைக்காரன் அதுகூடப் பாக்காம குருட்டு யாளிய அப்டியே நெய்ஞ்சி தொங்க உட்டிருக்கான்.

அந்த நேரத்துல அகிலா தேங்கா, பூவு வாங்கப் போயிருந்துச்சி. சாட்சின்னா பூக்காரிதான். அவ யார ஞாபகம் வெச்சிருப்பா?

திருடனே இல்ல சார். அந்தக் கதவ வெளிய எந்த போல்டருக்குத் தெறந்திருக்குதுன்னு பாருங்க. பொடவ போட்டோ போடற போல்டரு. அதுல எது உழுந்தாலும் தானா கடை போனுக்குப் போயிடும். அங்கேர்ந்து எங்க ஆளுங்க மொத்தமா தட்டி முந்நூறு கஸ்டமருக்கு அனுப்புவாங்க. அதுல அந்தக் கடை ஆளும் ஒருத்தன் இருப்பான், நாங்களே வணக்கம் போட்டு அனுப்பி வெச்சிருக்கோம்.

எப்டித் தெரியும்னா... நேத்து சாயங்காலம் கடை போனப் பாத்தேன், யாளி நிக்குது. இருவத்திரெண்டு வருசமா இங்க இருக்கேன் சார். மிஷினே சொல்லிடும், நாம எதுக்கு வாயத் தெறக்கணும்னுதான் காலையிலேர்ந்து உங்க பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன். அது என்னாடான்னா அந்தப் பொண்ணக் காட்டுது.

தோ வர்றேன் மொதலாளி! கூப்புட்றாரு. பன்னெண்டு ஆயிடுச்சா?

அன்னிக்கு உள்ள இருக்கற மிஷினுக்குப் பிரிண்டரு தெரியல சார். அம்மன் கோயில் நடை சாத்திடுவாங்களேன்னு அவசரம். கண்ணுல பட்ட மொத போல்டருக்கு வழி வெச்சி, டிசைன வெளிய கொண்டாந்து, பிரிண்ட எடுத்துக்கினு ஓடுனேன். மூடணும்னு தோணல.

நீங்க எழுதிக்கினு இருங்க, நான் போயி சொல்லிட்டு வந்துடறேன்.

யம்மா அகிலா, அந்தப் பைய உள்ள கொண்டு போயி வெய்யி. வந்துட்டேன் மொதலாளி.