சிவப்புக் கட்டம்

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஒரு புருஷன், பெண்டாட்டி.

"உன் ரத்தத்த ஏன்டி என் பேர்ல போட்ட?" என்றார் அவர்.

"ஊசியப் பாத்தாலே ஓடுறீங்க. பொண்ணு போன்ல எக்செல் போட்டுக் குடுத்து, அப்பாவுக்கு தெனமும் சுகர் பாத்து ஏத்துன்னுது. என் விரலக் குத்திப் போட்டுக்கினு வந்தேன்."

கைநாட்டு வைக்கிற என் விரலை மடக்கிக்கொண்டேன். எனக்கிருக்கும் படிப்பே அதுதான்.

"சுகர் ஏறுனா கட்டம் செவப்பாவுமாம். ஒரு மாசமா எல்லாமே செவப்பு. அதப் பாத்து டாக்டரு எனக்கு இன்சுலின்றாரு. இன்னிக்கு அவருகிட்ட உண்மைய சொல்லிடு!"

"சொல்றேங்க."

விக்கிரவாண்டி தாண்டியதும் அவர் குரல் இறங்கியது.

"அப்ப சுகரு உனக்காடி?"

அந்தம்மா போனைத் திறந்து பார்த்தார்.

"மேல பேர மட்டும் மாத்தணுங்க."