கொத்தானுக்கு முளைத்த வேர்

லேப் அக்கா: மணி அஞ்சரை. ஆறுக்கு நான் பூட்டிட்டுக் கிளம்பணும். செடி ஒட்டின தாளை இப்படித் தள்ளு, கண்டக்டரே.

கண்டக்டர்: மெதுவாக்கா... பூ உதிர்ந்துரும். இன்னிக்கு நீங்க சீல் குத்தலேன்னா நான் மாலை வகுப்புத் தாவரவியல் பரீட்சைக்கே உட்கார முடியாது.

லேப் அக்கா: தெரியுதில்ல? அப்புறம் எதுக்குக் கடைசி நாள் வரைக்கும் அடைகாத்தே?

கண்டக்டர்: சந்தேகம்க்கா. தண்டு பச்சையா, மஞ்சளான்னு...

லேப் அக்கா: அதான் பேர்ச்சீட்டுல நாலு தடவை எழுதி அடிச்சிருக்கியா?

கண்டக்டர்: காலையில பார்த்தா பச்சை. மத்தியானம் மஞ்சள். ரெண்டு டிரிப்புக்கு நடுவுல மறுபடியும் கடற்கரைக்கு ஓடினேன். கடைசியில 'மஞ்சள் கலந்த பச்சை'ன்னு போட்டுட்டேன். தப்பா?

லேப் அக்கா: தப்பில்ல. இந்தக் கொத்தான் கொடி... எது மேல படர்ந்திருந்துச்சு?

கண்டக்டர்: அடம்புக்கொடி மேல. மணல்மேடு பூரா நூல்கண்டு சிக்கின மாதிரி. பிரிச்சுப் பார்த்தா, தொட்ட இடத்துல எல்லாம் குட்டிக் குட்டியா உறிஞ்சி. அடம்போட சாற்றைக் குடிச்சே காலத்தை ஓட்டுது. எங்க பஸ்ல டிக்கெட் எடுக்காம, பக்கத்து ஆள் தோளைப் பிடிச்சுத் தொங்கிட்டு வருவானே...

லேப் அக்கா: அந்த ஆசாமியேதான். இலை?

கண்டக்டர்: கிடையாது. செதில் மாதிரி ஏதோ... லென்ஸ் வச்சாத்தான் தெரியும்.

லேப் அக்கா: பூ இருக்கு. காய் இருக்கு. வேர்... அட, வேர்கூட இருக்கே!

கண்டக்டர்: இருக்குக்கா.

லேப் அக்கா: ஜம்முன்னு இருக்கு. எங்க தோண்டினே?

கண்டக்டர்: மணல்லதான்.

லேப் அக்கா: எவ்வளவு ஆழம்?

கண்டக்டர்: ஒரு... சாண்.

லேப் அக்கா: சாணா?

கண்டக்டர்: அரைச் சாண்னு வச்சுக்கங்களேன்.

லேப் அக்கா: ஏம்ப்பா, முளைக்கிறப்போதான் இதுக்குக் கொஞ்சம் வேர் இருக்கும். ஒட்டிக்க ஆள் கிடைச்சதும் காய்ஞ்சு போயிடும். உன் கொடி காய்ச்சுத் தொங்குது. பேரன் எடுத்த கிழவனுக்குப் பால்பல்லா?

கண்டக்டர்: ஆனா... விதிமுறையில 'வேர் கட்டாயம்'னு போட்டிருக்கே. அலமாரியில மாதிரிக்கு வச்சிருக்கிற பழைய தாள்லயும் கொத்தானுக்கு வேர் இருந்துச்சே! சார் வருஷா வருஷம் வகுப்புல அதைத்தானே தூக்கிக் காட்டறார்?

லேப் அக்கா: அந்த லென்ஸை இங்க கொடு.

கண்டக்டர்: இப்போ எதுக்குக்கா லென்ஸ்?

லேப் அக்கா: 'இருந்துச்சே'ங்கிறே. 'இருக்கே'ன்னு சொல்லலையே?

கண்டக்டர்: வாய் தவறி...

லேப் அக்கா: அலமாரிச் சாவி நேத்து யார்கிட்ட இருந்துச்சு?

கண்டக்டர்: நீங்கதானே தூசி தட்டச் சொல்லிக் கொடுத்தீங்க...

லேப் அக்கா: தூசியைத் தட்டச் சொன்னா, வேரைத் தட்டிக்கிட்டுப் போயிட்டியா?

கண்டக்டர்: தொட்டதும் கையோட வந்துருச்சுக்கா! சத்தியமா! கொடியோட சேர்ந்ததே இல்ல, தனியா ஒட்டினது. தாள்ல தேதி பார்த்தேன், பன்னெண்டு வருஷமா எவனோ சாரை ஏமாத்தியிருக்கான். எப்படியும் பொய் வேர்தானே, எனக்கும் உதவட்டுமேன்னு...

லேப் அக்கா: எவனோவா?

கண்டக்டர்: எவனோ, எவளோ. பேர் இருக்கிற மூலை கிழிஞ்சிருக்கு. ஆமா, அப்போ நீங்களும் இதே மாலை வகுப்புலதானே படிச்சீங்க? யாருன்னு ஞாபகம் இருக்கா? சார்கிட்ட சொல்லிடலாமாக்கா?

லேப் அக்கா: வாயை மூடு. அந்த வேரை மெதுவா உரி... ஐயோ, மெதுவா! உன் தாளுக்கு வேர் வேணாம். 'வளர்ந்த கொடிக்கு வேர் இல்லை'ன்னு பேர்ச்சீட்டுல எழுது. அடிக்காம எழுது.

கண்டக்டர்: எழுதிட்டேன். 'இல்லை'யா, 'கிடையாது'வா?

லேப் அக்கா: விடு! இந்தா... சீல் குத்தியாச்சு. போய்ப் பரீட்சைக்குப் படி.

கண்டக்டர்: அப்போ விதிமுறை?

லேப் அக்கா: சார்கிட்ட நான் பேசிக்கறேன். வேரைக் கொடு. நாளைக்குப் புது வகுப்புக்கு அந்தத் தாளைக் காட்டப் போறார். பசை எங்கே?

கண்டக்டர்: மறுபடியும் ஒட்டப் போறீங்களா? பொய்ன்னு தெரிஞ்சுமா? அது எதோட வேர்னுகூடத் தெரியலையேக்கா!

லேப் அக்கா: கீரை வேர். கடைசி நாள் அவசரத்துல எங்க வீட்டுச் சமையல்கட்டுல கிள்ளினேன். நுனியை இடது பக்கம் கொஞ்சம் வளைச்சு ஒட்டணும்... தள்ளு, வெளிச்சத்தை மறைக்காதே.