கவுண்ட்டரில் சொல்லாத இரண்டு விதிகள்

உங்கள் நாற்காலி வசதியாக இருக்கிறது. எங்கள் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் எனக்கு வாய்த்தது ஒரு பக்கம் ஆடும். அட்டையை மடித்துக் காலுக்குக் கீழே கொடுத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன். குறையாகச் சொல்லவில்லை. விசாரணை என்று கூப்பிட்டிருக்கிறீர்கள், நானும் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பூசி மெழுகுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளிடம் அவர்களுடைய கடமை என்ன, உரிமை என்ன என்று எடுத்துச் சொல்வது என் வேலை. ஒழுங்காக வகுப்புக்கு வர வேண்டும், தேர்ச்சி பெற வேண்டும், வீட்டு வருமானத்தை மறைக்கக் கூடாது. வருகை குறைந்தால் பணம் நிற்கும். இதெல்லாம் கடமை. வீட்டில் நோய், சாவு என்று நியாயமான காரணம் இருந்தால் குழுவிடம் முறையிடலாம், முடிவு வரும்வரை பணத்தை நிறுத்தக் கூடாது. இது உரிமை. கடமைகளை வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வேன். உரிமைகளைச் சொல்வதைச் சில வருஷங்களுக்கு முன்பே விட்டுவிட்டேன்.

காரணம் கோபம்தான். மறைக்க என்ன இருக்கிறது? என் பெண் கணக்கில் புலி. என் சம்பளம் வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது என்று அவளுக்கு உதவித்தொகை இல்லை என்றார்கள். இன்று அவள் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சட்டை மடிக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் காலையில் ஊரார் பிள்ளைகளின் படிப்புக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. எரியாமல் இருக்க நான் என்ன கல்லா?

நீங்கள் கேட்கிற பெண் லாரி டிரைவரின் மகள். வகுப்பில் புரியாதவர்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுப்பாள், அதனால் கூடப் படிப்பவர்கள் அவளை டீச்சரம்மா என்றே கூப்பிடுவார்கள். வருகை குறைந்து பணம் நின்றதும் கவுண்ட்டருக்கு வந்தாள்.

"சார், அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். கூட்டிட்டுப் போக என்னை விட்டா ஆள் இல்ல."

"எல்லாம் சரிம்மா. வருகை குறைஞ்சா நிறுத்தித்தான் ஆகணும்."

"வேற வழியே இல்லையா சார்?"

"இல்லம்மா."

வழி இருந்தது. குழுவுக்கு அவள் எழுதிக் கொடுத்திருந்தால் மறு பேச்சில்லாமல் பணம் வந்திருக்கும். அவள் போகாமல் கவுண்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப படிப்ப நிறுத்திடறதா சார்?"

நான் அன்பாகத்தான் பேசினேன். "வீட்டுக்கு மூத்தவ நீ. முதல்ல அப்பாவப் பாரு. படிப்பு எங்க ஓடிப்போகுது? இன்னிக்கே எழுதிக் குடுத்துட்டா பேருக்கு ஒரு கறையும் இல்லாம போயிடலாம்."

ரொம்ப நன்றி சார் என்று சொல்லி, விலகுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த மேஜை கேஷியர் என் பக்கம் திரும்பினார். "என்ன சார், பருவத்துக்கு நடுவுல விலகினா வாங்கினதத் திருப்பிக் கட்டணுமே. பருவம் முடியற வரைக்கும் பேர் இருந்தா அதுவும் வேண்டாம். நீங்க சொல்லவே இல்லையே?"

"படிக்கிற பொண்ணு. தெரியாமலா எழுதிக் குடுக்கும்?" என்றேன். அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இத்தனை நல்லவர், எழுந்து ஓடிப்போய் அவளிடம் சொல்லியிருக்கலாமே. அவரை ஏன் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை?

வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி அவள் வீட்டுக்குக் கடிதம் அனுப்பினேன். அது என் கடமை. கடிதம் அவள் அப்பா கையில் கிடைத்திருக்கிறது, இதெல்லாம் நான் பிறகு கேள்விப்பட்டது. மகளிடம் மூச்சு விடவில்லை. இனிமேல் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன், நீ ஏதாவது வேலை தேடு என்று அவளை அனுப்பிவிட்டு, அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லை. பஸ் நிலையத்து பெஞ்சில் பொழுதைப் போக்கிவிட்டு, சிகிச்சைப் பணத்தைத் தலையணை உறைக்குள் சேர்த்திருக்கிறார். உடம்பு எத்தனை நாள் தாங்கும்? அந்த பெஞ்சிலேயே மூச்சு வாங்கி விழுந்தார். கடைக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை.

அந்தப் பணத்தைத்தான் அவள் கொண்டுவந்து கட்டினாள். நான் ரசீது கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு நகரவில்லை.

"முறையிடலாம்னு விதி இருந்துச்சாமே சார். கேஷியர் சார் இப்பதான் சொன்னாரு. அன்னிக்கு நான் கேட்டேனே, ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. வாங்கித் தின்ற பிள்ளை என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறது. எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. பின்னால் ஆள் நிக்கிறாங்க, நகரும்மா என்றேன்.

ஆமாம். தெரிந்தே அவளை விலக வைத்தேன். தெரிந்தே கடனைத் தலையில் கட்டினேன். அவள் ஒருத்தி மட்டும் இல்லை, முன்பும் பலரை அப்படி அனுப்பியிருக்கிறேன். என் பெண்ணுக்கு மறுக்கப்பட்டது மற்றவர்களுக்கு ஏன் கிடைக்க வேண்டும்? நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே.

நீங்கள் அடுத்துக் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும். கல்லூரி ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு வருமான வரம்பும் கிடையாது. ஆனால் அதற்கு நான் வரிசையில் நின்று, எனக்குக் கீழே வேலை பார்க்கிறவனிடம் என் மகளுக்கு உதவுங்கள் என்று கேட்க வேண்டும். யாரிடமும் கையேந்தாமல் வாழ்ந்தவன் நான். அப்படி ஒரு சலுகை இருப்பதே என் பெண்ணுக்குத் தெரியாது. நீங்களும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். சொன்னால் என்மேல் கோபப்படுவாள். சின்னப் பெண், அவளுக்கு இன்னும் விவரம் பத்தாது.