நாற்பத்தொன்றாம் மரம்

மாலை ஆறே முக்கால். ஆள் நடமாட்டம் நின்றுபோன பழைய சாலை. அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஓரத்து மரங்களுக்கெல்லாம் மேஸ்திரி தன் கையாலேயே வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருந்தார். ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை. அந்தக் கடைசி மரத்தின் முன்னால், நோட்டும் பென்சிலுமாக ஒரே ஒரு ஆள்...

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விளக்கு அப்படியே இருக்கட்டும்.

அந்த ஆள் நம் கொத்தனாருக்கு மச்சான். நாங்களும் மச்சான் என்றே கூப்பிடுவோம். நாற்பத்திரண்டு வயதில், மண் சுமந்த தோளோடு இரவு வகுப்புக்கு வந்து எழுத்துப் படித்தவர். எனக்கு அடுத்த பெஞ்சு. அதுவரை எல்லாவற்றுக்கும் இடது பெருவிரல்தான். அந்த விரலில் குறுக்கே அரிவாள் வெட்டு ஒன்று. எழுதப் படித்த பிறகும் மேஸ்திரி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"டேய் கைநாட்டு! போனாப் போகுதுன்னு மரத்துப் பேரை எழுதுற வேலையக் குடுத்திருக்கேன். ஒரு கட்டம் காலியா இருந்துச்சுன்னா... காலையில மண்வெட்டியத் தூக்கு."

மரத்துக்குப் பெயர் எழுதி என்ன, அதுக்குச் சம்பளமா குடுக்கப் போறாங்க என்று இங்கே நம் கம்பி கட்டுகிறவன் கேட்கிறான் பாருங்கள். சிரி, சிரி. வீட்டுக்கு இருட்டில் தனியாகத்தானே போகணும்?

நாற்பது மரமும் சுலபம். இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா, கசக்கினால் என்ன வாசனை, கிளையில் இலை எதிரெதிராக நிற்கிறதா, மாறி மாறியா... அதிலும் பிடிபடவில்லை என்றால் பட்டையை நகத்தால் கீறு. உள்ளே மஞ்சள் என்றால் நுணா. இவ்வளவுதான் வித்தை.

நாற்பத்தொன்றின் ஒரே கிளையில் ஓர் இலை போல இன்னோர் இலை இல்லை. ஒன்றைக் கசக்கி மோந்தார். கை நின்றுவிட்டது.

மை. கைநாட்டு வைக்கிற டப்பாவில் ஊறிய பஞ்சு இருக்குமே... அந்த வாசனை.

பட்டையைக் கீறினார். உள்ளே ஊதா.

பட்டை மேல் ஒரு தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தார். வரி விழுந்தால் விவரம் தெரிந்தவர் யாரிடமாவது காட்டலாமே. விழுந்தது... தாள் முழுக்க, சுழி சுழியாக, வளையத்துக்குள் வளையம். குறுக்கே ஒரு வெட்டு. பெருவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அதே சுழி. அதே வெட்டு.

அப்போதுதான் அந்தச் சத்தம். பச்... பச்... ஈர விரலைத் தாளில் அழுத்தி எடுக்கிற சத்தம். மரத்துக்கு உள்ளிருந்து.

காதுக்குப் பின்னால் ஒரு குரல். அதட்டவில்லை. சலித்துப்போன குரல்.

"இடது பெருவிரலக் கொண்டா."

எத்தனை மேசைக்கு முன்னால் நின்று கேட்ட பேச்சு! கை தானாக நீண்டது. விரல் பட்டையில் ஒட்டிக்கொண்டது. உள்ளே இழுத்தது.

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை.

"வைக்க மாட்டேன்யா. எனக்கு எழுதத் தெரியும்."

ஒரு காலை மடக்கி, தொடை மேல் நோட்டை வைத்து, வலது கையால் நாற்பத்தொன்றாம் கட்டத்தில் தன் பெயரை எழுதினார். எழுத்துக் கூட்டி, வாய்விட்டு. பச்... ஓர் எழுத்து. பச்... இன்னோர் எழுத்து. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தார். பிடி விட்டது.

ஓடவில்லை, நடந்துதான் வந்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

காலையில் மேஸ்திரி நோட்டைப் பார்த்தார். "என்னடா, மரத்துக்கு உன் பேரையே வச்சிருக்க? வா, காட்டு."

போனார்கள். நாற்பது மரம். நாற்பத்தொன்று நின்ற இடத்தில் புல். குழி இல்லை, வேர் இல்லை, உதிர்ந்த இலைகூட இல்லை. எண் போட்டவர் மேஸ்திரியே அல்லவா... நோட்டு மச்சான் கைக்கே திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம்.

அந்தப் பெருவிரலை நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ரேகை இல்லை. வெட்டும் இல்லை. கரண்டிக் குழி மாதிரி வழுவழுவென்று...

"நல்லதாப் போச்சு மாப்ள. இனி எவன் கேட்டாலும் கையெழுத்துதான்" என்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டே அந்த விரலை நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினார்... பட்டையைக் கீறுகிற மாதிரி.

உள்ளே ஊதா.